மலையைச் சிறிதாக்கும் லென்ஸ்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனைக்கு இறங்கும் வீதியில் எந்த வளைவில் வண்டியை நிறுத்தினாலும் படமெடுக்க ஏதாவது கிடைக்கும். மேலே தேயிலை மலைகள், இடையில் மரக்கறித் தோட்டங்கள், இறங்க இறங்கப் படிப்படியாய் வெட்டிய வயல்கள், அதற்கும் அப்பால் மகாவலிப் பள்ளத்தாக்கு. அந்த வளைவுகளில் கெமராவும் கையுமாக நிற்பவர்களில் பலருக்கு ஒரே உபதேசம்தான் கிடைத்திருக்கிறது: நிலக்காட்சி என்றால் வைட் லென்ஸ். கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். யூடியூப்பில் பாடம் நடத்துபவரும் அதைத்தான் சொல்கிறார். கலியாணப் படமெடுத்துப் பழுத்த ஸ்டூடியோ அண்ணனும் அதையே சொல்கிறார். 24 மில்லிமீற்றர் நல்லது, 16 அதைவிட நல்லது, பணமிருந்தால் 14.

ஏன் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். காட்சி அகலமானது, ஆகவே லென்ஸும் அகலமாக இருக்க வேண்டும்.

அந்த ‘ஆகவே’யில்தான் கோளாறு. மலைநாட்டுக் காட்சியின் முதல் குணம் அகலமல்ல, தூரம். பார்க்கிறவர் ஒரு சரிவில் நிற்கிறார். பார்க்கப்படுவது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் கால் வைக்க இடமில்லாத வெளி. கிட்டப் போய் எடுக்கலாம் என்று கிளம்பினால் இறங்கி ஏற அரை நாள் போகும். போய்ச் சேர்ந்தபின் மலை காலடியில் இருக்குமே தவிர கண்ணெதிரே இருக்காது. இப்படிப்பட்ட நிலத்துக்கு முதல் லென்ஸாக அகலக்கோணத்தைச் சிபாரிசு செய்வது, பள்ளத்தாக்கைக் கணக்கிலேயே எடுக்காத சிபாரிசு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். ஹட்டன் நகரம் ஏறத்தாழ 1,270 மீற்றரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 14 கிலோமீற்றர். அப்படியானால் ஹட்டன் மட்டத்தில் நின்று பார்ப்பவருக்கு மலையுச்சி கண்மட்டத்துக்கு மேலே எழுவது சுமார் 4 பாகைதான். ஃபுல் ஃபிரேம் கெமராவின் சென்சர் 24 மில்லிமீற்றர் உயரம். 16 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டால் அந்த எழுச்சி சென்சரில் பிடிக்கும் இடம் 1.1 மில்லிமீற்றர். படத்தை 30 சென்ரிமீற்றர் உயரத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினால், பருவகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் ஏறும் மலை ஒன்றரைச் சென்ரிமீற்றரைக்கூடத் தொடாது. நின்ற இடத்தை மாற்றாமல் 50ஐப் போட்டால் 4 சென்ரிமீற்றர் சொச்சம். 135இல் கிட்டத்தட்ட 12. 200இல் 17.

வைட் லென்ஸோடு போய் வந்தவர் வீட்டில் கணினியைத் திறந்ததும் சொல்லும் முதல் வசனம் எல்லோருக்கும் தெரிந்தது: “நேர்ல எவ்வளவு பெருசா இருந்துச்சு!” கெமரா சரியில்லை, வெளிச்சம் சரியில்லை, எடிட்டிங் தெரியவில்லை என்று பழி நாலா பக்கமும் போகும். மேலே சொன்ன கணக்கின் பக்கம் மட்டும் போகாது.

மனிதக் கண்ணுக்கு இரு பக்கமும் சேர்த்து 180 பாகைக்கு மேல் தெரிகிறதே, அதைக் காட்ட அகல லென்ஸ்தானே வேண்டும் என்பது வைட் கட்சியின் பெரிய வாதம். தெரிகிறது, உண்மை. ஆனால் அதில் கூர்மையாகத் தெரிவது நடுவிலே சுமார் 2 பாகை மட்டும். மற்றதெல்லாம் மங்கலான சூழல். கண் அங்குமிங்கும் தாவி, பிடித்த இடத்தில் நிலைக்கிறது. பீதுருதாலகாலவின் தோளில் முகில் இறங்குவதைப் பார்த்து நிற்பவர், தலைக்கு மேலே இருக்கும் வானத்தையும் காலடியில் கிடக்கும் தார் வீதியையும் பார்ப்பதே இல்லை. 16 மில்லிமீற்றர் லென்ஸ் இரண்டையும் பார்க்கிறது. அதுவும் மலைக்குக் கொடுத்த அதே கவனத்தோடு.

அந்த வானம் எப்படிப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பரில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்று வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைச் சரிவுகளில் மழையைக் கொட்டுகிறது. ஆக, மலைநாட்டில் எங்கே நின்றாலும் வருடத்தில் பல மாதங்களுக்கு மேலே இருப்பது வெறும் வெள்ளை. 16ஐ மட்டமாகப் பிடித்தால் கண்மட்டத்துக்கு மேலே 37 பாகை படத்துக்குள் வருகிறது. அதில் மலைக்கு 4; மிச்சம் 33 பாகை எழுதாத தாள். கெமராவைக் கீழே சாய்த்தால் வானம் போய் வேலியும் வடிகானும் வரும். 2020ஆம் ஆண்டு போட்டோஷொப்பில் வானத்தையே மாற்றிப் போடும் வசதி வந்தது. வலப்பனை மழை நாளின் மேல் எங்கோ பாலைவனத்து அந்திச் சிவப்பை ஒட்டும் படங்களைப் பார்த்தால், அந்த 33 பாகையை நிரப்ப ஆட்கள் எவ்வளவு தவித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

நீண்ட குவியத்தூரமுள்ள டெலி லென்ஸுக்கு இந்தத் தவிப்பு இல்லை. 200 மில்லிமீற்றர் லென்ஸ் மேலிருந்து கீழாகப் பார்ப்பது 7 பாகைக்குச் சற்றுக் குறைவு. வானத்தை முழுசாக வெளியே விட்டுவிடலாம். மூட்டமான காலையில் மலைத்தொடர்கள் ஒன்றின் பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும். கிட்ட இருப்பது கரும்பச்சை, அடுத்தது சாம்பல், கடைசி முகடு வானத்தோடு கரைந்த நீலம். இந்த நிற அடுக்கு வைட் படத்திலும் இருக்கத்தான் செய்கிறது, நடுவே விரலளவு நாடாவாக. டெலியில் அதுவே படம். ‘கிளைமேட் சரியில்ல, படமெடுக்க முடியாது’ என்று வைட்காரர் பையை மூடும் நாட்களில் டெலிக்காரருக்கு வேலை தொடங்குகிறது.

வெயில் நாளில் மட்டும் வைட் நிம்மதியா என்றால் அதுவுமில்லை. நீல வானத்தை அடர்த்தியாக்கப் போலரைசர் மாட்டுகிறார்கள். வானத்தின் ஒளி அதிகம் முனைவாவது சூரியனிலிருந்து 90 பாகைத் திசையில். 16 மில்லிமீற்றர் லென்ஸ் பக்கவாட்டில் 97 பாகையைப் பார்க்கிறது. அதனால் வானத்தின் ஒரு பட்டை கருநீலமாகவும் மற்றது வெளிறியும் விழும். அகலக்கோணத்தில் போலரைசர் போட்டு எடுத்த படங்களில் காரணம் தெரியாமல் தெரியும் கறை அதுதான்.

வைட் கட்சியின் அடுத்த வாதத்தில் உண்மையான பலம் இருக்கிறது. அகலக்கோணத்தின் அழகு முன்புலத்தில் இருக்கிறது என்பார்கள். காலடியில் ஒரு கல், ஒரு பூ, ஒரு தேயிலைச் செடி. அங்கிருந்து கண் நடந்து போய் மலையில் ஏற வேண்டும். இதற்கு இயற்பியலும் துணை நிற்கிறது. 16 மில்லிமீற்றரில் எஃப் 11 வைத்து முக்கால் மீற்றரில் குவித்தால், 40 சென்ரிமீற்றரிலிருந்து முடிவிலி வரை தெளிவு கிடைக்கும். 200இல் அதே திறப்பில் முடிவிலி தெளிய வேண்டுமானால் சுமார் 60 மீற்றருக்கு முன்னால் உள்ளது எதுவும் தெளியாது.

ஆனால் இந்த வாதம் ஒரு நிபந்தனையின் பேரில்தான் நிற்கிறது: காலடியில் பார்க்கத் தகுந்த ஒன்று இருக்க வேண்டும். காட்சி முனையில் வண்டியை நிறுத்துகிறவரின் காலடியில் இருப்பது பாதுகாப்புச் சுவரும் பிளாஸ்டிக் போத்தலும். தேயிலைக்குள் இறங்கினால் இடுப்பளவு உயரத்தில் மட்டமாய் வெட்டி வளர்த்த செடிகள். ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. கீழே பெரிதாக ஒரு கொழுந்து, நடுவே பச்சைக் கம்பளம், மேலே முகில். கந்தப்பளையா, டிக்கோயாவா, நீலகிரியா, மூணாறா? எடுத்தவர் எழுதி வைத்தால்தான் தெரியும். ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் உள்ள வித்தியாசம் முகட்டின் கோட்டிலும், பள்ளத்தின் வெட்டிலும், தேயிலை ஸ்டோர் நிற்கும் இடத்திலும், தொழிலாளர் லயம் ஒட்டிக்கொண்டிருக்கும் சரிவிலும் இருக்கிறது. வைட் லென்ஸ் சுருக்கித் தள்ளுவது சரியாக அவற்றைத்தான். 60 மீற்றர் நிபந்தனையும் பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்பவரைத் தொடுவதில்லை. அவர் முன்னால் அதற்குள் இருப்பது காற்று மட்டும்.

நிலக்காட்சிப் புகைப்படத்தின் பெரியவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடும் வழக்கமும் உண்டு. கூப்பிடலாம். அன்சல் அடம்ஸைவிடப் பெரிய பெயர் இந்தத் துறையில் இல்லை. நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் கிராமத்துக்கு மேலே நிலா எழும் அவருடைய படம் 1941இல் எடுக்கப்பட்டது. கெமராவில் எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் தாள். அந்த அளவுக்குச் சாதாரண லென்ஸ் என்றால் 12 அங்குலம். அடம்ஸ் போட்டது 23 அங்குலம். இன்றைய ஃபுல் ஃபிரேமில் அது சுமார் 80 மில்லிமீற்றருக்குச் சமம். 1944இல் லோன் பைனிலிருந்து சியரா நெவாடாவின் குளிர்கால விடியலை எடுத்தபோதும் நீண்ட லென்ஸ்தான். 1960இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு மேலே நிலாவை எடுத்தபோது ஹாசல்பிளாடில் 250 மில்லிமீற்றர் சொனார். 80 மில்லிமீற்றர் லென்ஸ் சாதாரணமாகக் கருதப்படும் கெமரா அது.

அடம்ஸ் அகல லென்ஸைத் தொட்டதில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அது பொய். நிலா எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பாறை எவ்வளவு உயரமாக நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து அதற்கேற்ற லென்ஸை அவர் எடுத்தார். நிலாவின் பிம்பம் குவியத்தூரத்தில் சுமார் 110இல் ஒரு பங்குதான். 16 மில்லிமீற்றரில் போயா தினத்து முழுநிலவு 0.15 மில்லிமீற்றர், 200இல் இரண்டு மில்லிமீற்றருக்குக் கிட்ட. அடம்ஸ் வைட் லென்ஸோடு போயிருந்தால் அந்த இரண்டு நிலாப் படங்களின் பெயரிலும் நிலா இருந்திருக்காது.

டெலி லென்ஸ் பொய் சொல்கிறது, தூரத்து மலைகளை இழுத்து ஒட்டி வைக்கிறது என்ற குற்றச்சாட்டும் அடிக்கடி வரும். பொருட்களின் ஒப்பளவைத் தீர்மானிப்பது நிற்கும் இடம், லென்ஸ் அல்ல. ஒரே இடத்தில் நின்று 24இலும் 200இலும் எடுத்து, 24இன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டிலும் மலைகள் ஒன்றுபோலவே அடுக்கியிருக்கும். வெட்டியது மட்டும் புள்ளி புள்ளியாய்த் தெரியும். பொய் யார் சொல்கிறார்கள் என்றுதான் பேச்சென்றால், மூலையில் நிற்பவரின் தலையை முட்டையாக்குவதும், கெமராவைக் கொஞ்சம் அண்ணாத்தியதும் நாலு மாடித் தேயிலை ஸ்டோரைப் பின்னால் சாய்த்துவிடுவதும் அகலக்கோணம்தான்.

அகலம் உண்மையிலேயே வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 50 மில்லிமீற்றர் லென்ஸில் கெமராவை நிமிர்த்திப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேல்விழ, ஐந்து படங்களை வரிசையாக எடுத்தால் பக்கவாட்டில் சுமார் 99 பாகை கிடைக்கும். 16 மில்லிமீற்றர் தருவதைவிட அது குறைவில்லை. 24 மெகாபிக்சல் கெமராவில் இப்படி ஒட்டிய படம் 14,000 பிக்சலுக்கு மேல் அகலமாக வரும். 16இன் ஒற்றைப் படம் 6,000. ஒட்டுவதற்கு ஹுகின் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மலையின் முகடும் மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். காற்றில் ஆடும் மரமும் ஓடும் முகிலும் ஒட்டும் இடத்தில் தொல்லை கொடுக்கும். எதிர்ப்பக்க மலை அசையாது.

இதுவரை பேசியது அளவும் ஒளியும். இன்னொன்று, இந்த நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்பது.

தேயிலை மலையை அகலமாகக் காட்டும் படம் புதிதல்ல. தேயிலைப் பெட்டி, சுற்றுலாக் கையேடு, கலண்டர் எல்லாவற்றிலும் அதுதான். அதில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பச்சையில் தெளித்த வண்ணப் புள்ளிகள். லயங்கள் தகரக் கூரையின் மினுக்கம் மட்டும். எந்த லயம் எந்தச் சரிவின் கீழே இருக்கிறது, அதற்கு மேலே மண் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மண்சரிவுகள் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின. மலையின் சாய்வு, அதில் ஓடும் நீர்க்கோடு, அடியில் நிற்கும் குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பது எதிர்ப்பக்கச் சரிவிலிருந்து 135இலோ 200இலோ எடுத்தால் ஒரே படத்தில் வாசிக்கக் கிடைக்கும். நிலக்காட்சி என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்று ஒப்புக்கொள்பவர், அழகான பச்சையோடு மட்டும் நிற்க மாட்டார்.

பரந்த காட்சியை விட்டு மனிதரைப் பார்த்த ஒருவர் இந்த மலைகளில் முன்பே இருந்திருக்கிறார். 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரெட் கமரன் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மலைநாட்டின் மிக அழகான பகுதி என்று பலர் சொல்லும் இடம் அது. அவர் இலங்கையில் எடுத்து எஞ்சியிருக்கும் மிகச் சில படங்களில் பெரும்பாலானவை மனிதர்களின் படங்கள். அவர்களில் தோட்டத்துத் தொழிலாளர்களும் உண்டு. பரந்த காட்சியைக் கண்டதும் அதை முழுசாக அள்ளியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

நீண்ட லென்ஸ் ஆட்களைத் தெரியாமல் எடுக்கும் கள்ளக் கண் இல்லையா? இது நியாயமான கேள்வி. 200 மீற்றர் தள்ளி நின்று, கொழுந்து பறிப்பவரின் முகத்தைக் கேட்காமல் எடுப்பது மரியாதைக் கேடு. அதை லென்ஸின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. மலையும் லயமும் ஸ்டோரும் எடுக்கத் தூரம் நல்லது. முகம் எடுக்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும், “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேட்க வேண்டும், அப்போது கையில் 35 இருந்தால் போதும்.

டெலிக்கு வேறு குறைகளும் உண்டு. கைநடுக்கம் பெரிதாகத் தெரியும். 200இல் செக்கனுக்கு இருநூறில் ஒரு பங்குக்குக் கீழே போனால் முக்காலியோ அசைவுத் தடுப்போ வேண்டும். நடுப்பகலில் பள்ளத்தாக்குக் காற்று சூடேறி அலைந்தால் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் தெளிவைத் தராது; காலை வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். பாரம்தான் பலரும் சொல்லும் சாட்டு. அது எஃப் 2.8 கனவில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். கெனனின் சிறு சென்சர் டிஎஸ்எல்ஆர் கெமராக்களுக்கான 10–18 வைட் லென்ஸ் 240 கிராம். அதே வரிசையின் 55–250 எஸ்டிஎம் 375 கிராம். 135 கிராம் வித்தியாசத்துக்கு ஃபுல் ஃபிரேம் கணக்கில் 88 முதல் 400 வரை கிடைக்கிறது.

வைட் இல்லாமல் முடியாத இடங்கள் மலைநாட்டிலும் இருக்கின்றன. அருவியின் அடியில், பின்வாங்க இடமில்லாத பாறைகளுக்கு நடுவில். ஹக்கலைக் காட்டு மரங்களுக்குள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுக்குள், அங்கே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தவர்களோடு. நட்சத்திரங்களை எடுக்கும்போதும் அப்படித்தான்: 16 மில்லிமீற்றரில் 30 செக்கன் வரை திறந்து வைத்தாலும் நட்சத்திரம் கோடாகாது, 200இல் இரண்டரைச் செக்கனிலேயே இழுபட்டுவிடும். இந்த வேலைகளுக்காக வைட் வாங்குகிறவருக்குக் காரணம் தெரியும். மறுப்பு அவர் மேல் அல்ல, ‘நிலக்காட்சியா, வைட் எடு’ என்று காரணமில்லாமல் நீட்டும் உபதேசத்தின் மேல்.

அந்த உபதேசம் கவனிக்காத இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வைட் லென்ஸ் ஏற்கெனவே எல்லோர் சட்டைப் பையிலும் கிடக்கிறது. 2019இல் வந்த ஐபோன் 11இல் 13 மில்லிமீற்றருக்குச் சமமான கெமரா இருந்தது. இப்போது நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றிலும் அத்தகையது உண்டு. பளிச்சென்ற பகலில், சமூக வலைத்தளத்தில் போடுவதற்கு அது போதும். கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றால் எட்ட முடியாதது எதிர்ப்பக்க முகடு. சேர்த்த காசில் ஒரு லென்ஸ்தான் வாங்கலாம் என்றிருப்பவர், கையில் இருப்பதையே இன்னும் கொஞ்சம் அகலமாக மறுபடி வாங்குவதில் என்ன இலாபம்?

கெமராவோடு வந்த 18–55ஐ வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் கடைக்குப் போகுமுன் செய்யக்கூடிய சோதனை உண்டு. கெமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதன் குவியத்தூரத்தைப் பதிந்து வைக்கிறது. இதுவரை எடுத்த மலைப் படங்களில் பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து அந்த எண்ணைப் பார்க்கலாம். பெரும்பாலானவை 18இல் முட்டி நின்று, ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் 10–18 வாங்குவதில் தவறில்லை. 55இல் முட்டி நின்று, அதன் பிறகும் கணினியில் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் 55–250 வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பரவிக் கிடந்தால், காசை வைத்துக்கொண்டு முதலில் ஒரு முக்காலி வாங்கலாம்; மிச்சத்தில் விடிகாலை இராகலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கலாம்.